தேயாத இடது ரப்பர்

பிஸ்கட் டப்பாவின் மூடியைத் திறந்ததும் புது ரப்பரின் வாசனை வந்தது. மேலே இருந்தது நீ கடைசியாக வாங்கிய இயர்போன். உறைகூடப் பிரிக்கவில்லை. அதற்குக் கீழே நாம் இருவரும் கேட்டுத் தேர்ந்தவை, வேண்டாமென்று தள்ளியவை, நீ ஷிஃப்டுக்குப் போகும்போது மாட்டிக்கொண்டவை எல்லாம் சுருண்டு கிடந்தன.

நேற்று உன் மனைவி கூப்பிட்டு இந்த டப்பாவைக் கொடுத்தாள். குவார்ட்டர்ஸைக் காலி செய்கிறாள். பாதிச் சாமான் குறிஞ்சிப்பாடிக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டது. "இத வெச்சிகினு நான் என்னாண்ணா பண்ணப் போறேன். உங்களுக்குத்தான் இதோட அருமை தெரியும்" என்றாள். எனக்கு வாங்கிக்கொள்ள விருப்பமில்லை. நீ இறந்த அன்றுகூட நான் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டு வந்தவன். ஆனால் கையை நீட்டிக்கொண்டு நிற்பவளிடம் அதையெல்லாம் சொல்ல முடியவில்லை.

உன்மேல் எனக்குக் கோபம் இருந்தது. அது உனக்குத் தெரியுமா என்பதுதான் இப்போது எனக்குத் தெரியவில்லை.

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரே பிளாக்கில் வளர்ந்தோம். வகுப்பில் நான் முதல், நீ கணக்கில் தவறிக்கொண்டே வந்தவன். உன் அப்பா வேலையில் இருக்கும்போதே போய்ச் சேர்ந்தார். அந்த வழியில் உனக்குச் சுரங்க ஸ்டோர்ஸில் பெர்மனன்ட் வேலை கிடைத்தது. என் அப்பா உயிரோடு ஓய்வு பெற்றார். நாங்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு, டவுன்ஷிப்புக்கு வெளியே மந்தாரக்குப்பத்தில் வாடகைக்குப் போனோம். இயற்பியலில் முதுகலை முடித்த நான் தனியார் பள்ளி ஒன்றில் ஒளிவிலகல் நடத்திக்கொண்டிருக்கிறேன். அப்பா பிழைத்திருந்ததே எனக்குக் குறையாகப் போய்விட்டது என்று சில நாள் நினைத்திருக்கிறேன். எழுதினால் அசிங்கமாகத்தான் இருக்கிறது. அதற்காக, நினைக்கவில்லை என்று சொல்வதற்கில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் நீ போன் செய்வாய். "வாத்தியாரே, புதுசு ஒண்ணு வந்துகினு இருக்கு. சாயங்காலம் வூட்டுக்கு வா." விலை குறைந்த இயர்போன்களைப் பற்றி மட்டும் பேசும் வீடியோ சேனல் ஒன்றை நீ நடத்திக்கொண்டிருந்தாய். சுரங்கத்தில் கான்ட்ராக்டில் வேலை செய்யும் பையன்கள், காலேஜ் பிள்ளைகள் என்று பார்க்க ஆட்கள் இருந்தார்கள். காசு இருக்கிறவன் எதை வாங்கினாலும் நன்றாகத்தான் இருக்கும், இல்லாதவனுக்குத்தான் ஆள் வேண்டும் என்பாய்.

நீ தேர்ந்தெடுக்கும் முறையை நான் மறக்கவில்லை. முதலில் பார்ப்பது காதுக்குள் போகும் முனையில் மாட்டியிருக்கும் அந்தச் சின்ன ரப்பர். காதின் மேல்நுனியை இழுத்துப் பிடித்துச் சொருக வேண்டும். சொருகியதும் வெளிச் சத்தம் அடங்க வேண்டும். அடங்கவில்லை என்றால் அந்த அளவு உன் காதுக்கு இல்லை, மாற்று. காதை அடைக்காத இயர்போனில் தவில்கூடத் தகர டப்பாவாகத்தான் கேட்கும். அடுத்தது வயர். நடக்கும்போது சட்டையில் உரசுகிற சத்தம் காதில் ஏறினால் ஓரமாக வைத்துவிடுவாய். பாட்டு கடைசியில்தான். பேஸை, அந்த அடித்தொனியை மட்டும் ஏற்றி வைத்து விற்கிறவற்றைக் கண்டால் உனக்கு ஆகாது. "இது பாட்டாடா? பந்தலுக்குப் பின்னால ஜெனரேட்டர் ஓடிகினு இருக்குது."

அதற்குப் பிறகு பழக்குவது. புது இயர்போனை உடனே கேட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது உன் சட்டம். சாலைக்கு மேலே நிலக்கரி கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட் கடக்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி, பெல்ட் ஓடும் இரைச்சலைப் போனில் பதிவு செய்து வைத்திருந்தாய். இயர்போனைத் துண்டில் சுற்றி டிபன் பாக்ஸில் போட்டு அந்த இரைச்சலை நாள் கணக்கில் ஓடவிடுவாய். இதைக் கேட்டுக் கேட்டு உள்ளே அதிர்ந்து சத்தம் எழுப்பும் சவ்வு இளகுமாம். நெய்வேலிக்காரனைத் தவிர வேறு எவனுக்கும் இந்த யோசனை வந்திருக்காது.

"பழகறது இயர்போன் இல்லடா, உன் காது. முதல் நாள் மட்டமாத் தெரியறது நாலாம் நாள் நல்லாருக்கற மாதிரி தோணும். அவ்வளவுதான்" என்பேன்.

"யாரு பழகினா இன்னா வாத்தியாரே. பழகிச்சா இல்லியா, அத சொல்லு."

பழக்கி முடிந்ததும் என்னை உன் வலது பக்கத்து நாற்காலியில் உட்கார வைப்பாய். நான் வேறு நாற்காலிக்குப் போனால் கையைப் பிடித்து இழுத்து மாற்றுவாய். வலது முனை உன் வலக்காதுக்கு, இடது முனை என் இடக்காதுக்கு. அடுத்தவர் அழுக்கு ஆகாது என்று என் ரப்பரை நான் சட்டைப் பையில் கொண்டுவருவேன். "ஐயரு ஆத்துக்குப் போற மாதிரி மடியாத்தான் வருவான்" என்று உள்ளே பார்த்துச் சொல்வாய். உன் மனைவி டீயோடு சிரித்துக்கொண்டே வருவாள். பிறகு அதே பழைய பாட்டைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாய்.

"உன் பக்கம் இன்னா வருது?"

"வயலின். கொஞ்சம் தள்ளி. கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு வாசிக்கற மாதிரி."

"போன வாரத்துது?"

"அதுல ரூமுக்குள்ளயே இருந்தான். வில்லு இழுக்கறதுகூடக் கேட்டுச்சு."

அந்த வாரம் வீடியோ வரும். "இதுல வயலின் கதவுக்கு அந்தாண்ட நிக்குது மக்களே. போன வாரத்துதுல வில்லு இழுக்கறதே கேட்டுது." கீழே யாரோ எழுதியிருப்பார்கள், அண்ணனுக்கு என்ன காது என்று. அது என் காது. என் வாக்கியம். ஒருமுறை வாய்விட்டே கேட்டேன், என் பெயரையும் சொன்னால் என்ன என்று. "உன் ஸ்கூல்ல கேள்வி கேப்பானுங்கடா" என்று சிரித்தாய். அதோடு முடிந்தது.

இது சின்னக் கோபம். பெரியது உன் மகளின் மஞ்சள் நீராட்டு விழாவில் நடந்தது. டவுன்ஷிப்புக்குள் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் இடம் காலியாக இருந்தது. அதன் நிர்வாகத்தில் இருந்த ஒருவர் உனக்கு நல்ல பழக்கம். நான் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. அன்று கேட்டேன். சமுதாயக் கூடத்தில் மேளம் வாசித்துக்கொண்டிருந்தது. நீ வரவேற்று முடித்து முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தாய். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, உன் காதோரம் குனிந்து, எனக்காக அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்றேன். நீ திரும்பவில்லை. மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாய். முகத்தில் ஓர் அசைவும் இல்லை. நான் எழுந்து, சாப்பிடாமல் வந்துவிட்டேன். அந்த இடம் வேறு யாருக்கோ போயிற்று.

இரண்டாவது முறை நான் கேட்கவில்லை. நீயும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்துகொண்டுதான் இருந்தேன். ஏன் வந்தாய் என்று கேட்டால் ஒரு பதில்தான் இருக்கிறது. உனக்கு என்ன கேட்கிறது என்று இந்த ஊரில் வேறு எவனும் என்னைக் கேட்டதில்லை.

நேற்று அந்த டப்பாவைக் கொட்டி ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தேன். எல்லாவற்றிலும் வலது ரப்பர் மஞ்சளாகி இறுகிப்போயிருந்தது. இடது ரப்பர் பெட்டியிலிருந்து எடுத்ததுபோல் பளபளப்பாக இருந்தது. என் ரப்பரை மாட்டிக்கொண்டதால் அது தேயவில்லை என்று முதலில் நினைத்தேன். ஆனால் நீ ஷிஃப்டுக்குக் கொண்டுபோன இயர்போன்களை நான் தொட்டதே கிடையாது. வருடக் கணக்கில் உன் காதில் இருந்து வயரே வெளுத்துப்போனவை அவை. அவற்றிலும் இடது ரப்பர் புதிதாகவே இருந்தது.

இன்று காலை உன் மனைவிக்குப் போன் செய்தேன். சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியாதாண்ணா? கல்யாணமான புதுசுல பொன்னுக்கு வீங்கி வந்துச்சுல்ல, அப்பவே இடது காது சுத்தமா போயிடுச்சு. வெளிய சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிகினாரு. பிளாக்குல செவிடன்னு பேர் வெச்சிடுவானுங்கன்னு."

"எங்கிட்ட சொன்னதில்லம்மா."

"உங்ககிட்ட சொல்லியிருப்பாருன்னுதான் நான் நெனச்சுகினு இருந்தேன். அதுக்குத்தான உங்களக் கூப்புடறாருன்னு."

போனை வைத்த பிறகு, இத்தனை காலம் சேர்த்து வைத்ததையெல்லாம் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டியதாகிவிட்டது. முத்தாண்டிக்குப்பம் சாலையில் உன் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, உன் இடது தோளுக்கு மேலே எவ்வளவோ பேசியிருக்கிறேன். நீ பதில் சொன்னதில்லை. பெர்மனன்ட் திமிர் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். கடைத்தெருவில் பின்னாலிருந்து கூப்பிட்டபோது நீ திரும்பாமல் போனதை இரண்டு மாதம் மனதில் வைத்திருந்தேன். இவற்றை இனி நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

இதற்காக உன்னை விட்டுவிட முடியாது. நீ சொல்லியிருக்க வேண்டும். பிளாக் முழுக்க மறைத்திரு, அது உன் இஷ்டம். உனக்காக இடது காதாக உட்கார்ந்திருந்தவனிடமுமா மறைப்பது? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குப் பெயரே வேண்டியிருந்திருக்காது.

மதியம் பள்ளியில், சாப்பாட்டு இடைவேளையில் அந்தப் பழைய பாட்டைத் தேடி எடுத்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக இடது முனையைத் தொங்கவிட்டு, வலது முனையை மட்டும் மாட்டிக்கொண்டு கேட்டேன். உன் பக்கம் வருவது தபலாவும் பாடுகிறவரின் குரலும்தான். வயலின் ஓர் இழைகூட அந்தப் பக்கம் இல்லை. நான் சொன்ன வயலினைத்தான் நீ கேட்டிருக்கிறாய். கண்ணை மூடிக்கொண்டு என் வாக்கியங்களைக் கேட்டிருக்கிறாய். அத்தனை கவனமாக என்னை வேறு யாரும் கேட்டதில்லை.

அப்படியென்றால் அந்த விழா நாளில் நான் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன்?

வழக்கமாக நீதான் என்னை வலது பக்கம் இழுத்துக்கொள்வாய். அன்று நான் பிந்தி வந்து, காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். உன் காதுக்குக் கீழே சந்தனம் தீற்றியிருந்தது நினைவிருக்கிறது. பேசிக்கொண்டே அதைத்தான் பார்த்தேன். எந்தக் காது என்று மட்டும் வரவில்லை. கண்ணை மூடினால் இரண்டு பக்கமும் சந்தனம் தெரிகிறது. இடது பக்கம் என்றால் நான் உன்னிடம் கேட்கவே இல்லை என்றுதான் ஆகிறது. வலது பக்கம் என்றால் நீ கேட்டும் பேசாமல் இருந்தாய். அந்த மேளத்தில் வலது காதிலும் விழவில்லை என்று இன்னொன்றும் சொல்லலாம். அது எனக்கு வசதியான பதில், அதனால் அதை நம்பவில்லை.

மறுபடி உன் மனைவிக்குப் போன் செய்து, அன்று நான் எங்கே உட்கார்ந்திருந்தேன் என்று நினைவிருக்கிறதா என்றேன். "ஃபங்ஷன் வீடியோ இருக்குதுண்ணா. முன்வரிசையில நீங்க ரெண்டு பேரும் இருப்பீங்க. அனுப்பட்டுமா?" என்றாள், நான் எதற்குக் கேட்கிறேன் என்று தெரியாமலே. பார்க்கலாம்மா என்றேன்.

பள்ளியிலிருந்து திரும்பும் வழியில் பெல்ட்டுக்குக் கீழே வண்டியை நிறுத்தி, அந்த இரைச்சலைப் பதிவு செய்துகொண்டு வந்தேன். உன் கடைசி இயர்போன் இப்போது என் டிபன் பாக்ஸில் துண்டுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. இதனால் சவ்வு இளகாது. அது எனக்குத் தெரியும்.

இன்று ஆசிரியர் அறையில் தமிழாசிரியர் தனியாக உட்கார்ந்திருந்தார். அவருக்கு இடது பக்கத்தில், ஃபேனுக்கு நேர் கீழே நாற்காலி காலியாக இருந்தது. நான் அதை எடுத்துச் சுற்றிக்கொண்டு போய், அவருடைய வலது பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன்.

"அங்கதான சார் காத்து வரும்" என்றார்.

"இருக்கட்டும் சார். பழகிப்போச்சு" என்றேன்.