அப்பா விழுங்கிய கேமரா

தேவைதான், அண்ணா. எழுபத்தெட்டு வயதில், சர்க்கரையும் பாதி மட்டுமே வேலை செய்யும் சிறுநீரகமும் சுருங்கிய இதய வால்வுமாக இருக்கும் அப்பாவை இப்படிப் படுத்த வேண்டுமா என்று நீ கேட்டது நியாயம்தான். ஆனால் எட்டு மாதமாக எங்கிருந்தோ இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. இரத்தம் ஏற்ற ஏற்ற, அளவு மறுபடி இறங்கியது. மேலிருந்தும் கீழிருந்தும் குழாய் விட்டுப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. மிச்சம் சிறுகுடல். புற்றாக இருக்குமோ என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. நானும்தான்.

கேமரா வைத்த காப்ஸ்யூல் ஒன்றை விழுங்க வேண்டும். போகிற வழியெல்லாம் படம் எடுக்கும். அம்மா அதை வாங்கிப் பார்த்து, இது சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா என்றாள். முதலில் குறித்த தேதி அவளால்தான் தள்ளிப்போயிற்று. இரும்புச்சத்து மாத்திரையை ஒரு வாரம் நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். குடல் கறுத்தால் படம் தெரியாது. அம்மா ரகசியமாகக் கொடுத்துவந்திருக்கிறாள். ஆளு வெளுத்துப்போய் உக்காந்திருக்காரு, நான் எப்படிங்க சும்மா இருக்கிறது என்று நர்ஸிடமே சண்டை.

இரண்டாவது தேதியில் விழுங்கிய காப்ஸ்யூல் இரைப்பையிலேயே உட்கார்ந்துவிட்டது. சர்க்கரைக்காரர்களின் வயிறு கொஞ்சம் சோம்பேறி என்றார் டாக்டர். நடக்கச் சொன்னார்கள். முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர் சும்மா நடப்பாரா? இடுப்பில் ரெக்கார்டர் பெட்டி. வயிற்றைத் தட்டித் தட்டி, முன்னாடி போங்க சார், உள்ள எடம் இருக்கு, படியில நிக்காதீங்க என்று தாழ்வாரம் முழுக்கக் கேட்கும்படி குரல் கொடுத்தார். காத்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அரை மணியில் திரையில் சிறுகுடல் வந்தது.

மூன்று சிவப்புப் புள்ளிகள். புற்று இல்லை, அண்ணா. வயதான இரத்தக்குழாய்கள் கசிகிற இடங்கள். வால்வு சுருங்கியவர்களுக்கு வருவதுண்டாம்.

அவற்றைச் சுட்டு மூட வேண்டும். பலூன் வைத்த நீண்ட குழாய், சட்டைக் கையைச் சுருட்டுவதுபோல் குடலைச் சுருட்டிக்கொண்டே உள்ளே போகும். பயம் குழாயால் அல்ல, மயக்க மருந்தால். இந்த இதயம் தாங்குமா? மயக்க மருந்து டாக்டர் பொய் சொல்லவில்லை. தாங்கலாம், என் கண்ணு அவர் மேலயே இருக்கும் என்றார். அப்பா தானே கையெழுத்துப் போட்டார். ஒன்றரை மணி நேரம். அம்மா என் கையை விடவே இல்லை.

கண் விழித்ததும், பசிக்குதுடி, இங்க என்ன கெடைக்கும் என்றார். அம்மா அழுதாள். அழுது முடித்ததும் திட்டினாள்.

ஆறு வாரமாயிற்று. இரத்தம் ஏற்றவில்லை. மாடிப்படியை நிற்காமல் ஏறுகிறார். அம்மா பின்னாலேயே ஓடுகிறாள். திரும்பக் கசியலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அப்போது பார்த்துக்கொள்வோம்.

அப்பா உன்னைத் தேடவில்லை. தேடவில்லை என்று எழுதச் சொல்லி இரண்டு முறை நினைவூட்டினார்.

உடம்பைப் பார்த்துக்கொள். முடிந்தால், அவர் இப்படிச் சிரிக்கிற நாட்களிலேயே வா.

அன்புடன்,
உன் தங்கை

பி.கு.: எழுதி முடித்ததும் போய், உன் கட்டிலில் நாங்கள் குவித்து வைத்திருந்த துணிகளை மடித்து அலமாரியில் வைத்தேன். கட்டில் இப்போது காலி.