நீ கேட்ட தனி அறை

என் சீருடைத் துப்பட்டாவில் இளம்பச்சைப் பெயிண்ட் ஒட்டிக்கொண்டுவிட்டது. சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கவிழ்த்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கொக்கியில் தொங்கும் துப்பட்டாவிலிருந்து அந்த வாசனை வந்துகொண்டே இருக்கிறது. அம்மாவும் என் தங்கை தாரணியும் தூங்குகிறார்கள். விளக்கு எரிவது தெரிந்தால் அம்மா எழுந்து வந்து, "வயித்து வலியா?" என்று கேட்பாள். ஆமாம் என்பேன். அது பொய்யும் இல்லை.

பெயிண்ட் எங்கே ஒட்டியது தெரியுமா? தாம்பரத்தில் நமக்கென்று ஒரு கோர்ட் வந்துவிட்டதடி. குடும்ப வழக்குகளுக்கு மட்டும். திருட்டு வழக்கு, அடிதடி வழக்கு, நில வழக்கு எதுவும் அங்கே கிடையாது. திறப்பு விழாவுக்குப் பந்தல் போட்டு, வாழைமரம் கட்டி, ரோடு முழுக்கக் கார்கள் நின்றன. இந்தப் பக்கத்துக் குடும்ப வழக்குகளை எல்லாம் பழைய கோர்ட்டிலிருந்து இங்கே மாற்றிவிட்டார்கள். எங்கள் வழக்கும் வந்துவிட்டது. இனிமேல் ரயில் ஏற வேண்டாம். இரும்புலியூரிலிருந்து நடந்தே போய்விடலாம்.

இன்று பள்ளி விட்டதும் கோர்ட்டில் ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் மேடம் எனக்கு அங்கே ஓர் அறையைச் சுற்றிக் காட்டினார். சுவரில் யானை, முயல், ரயில் எல்லாம் வரைந்திருக்கிறது. முயலுக்கு இளம்பச்சைக் காது, இன்னும் காயவில்லை. அதில்தான் சாய்ந்துவிட்டேன்.

"நாளைக்கு இங்கதாம்மா உன்கிட்ட பேசுவாங்க. மேடை கிடையாது. ஜட்ஜம்மா உனக்கு எதிர்ல, இதே மாதிரி நாற்காலியில உக்காருவாங்க. வக்கீல் யாரும் உள்ள வர மாட்டாங்க. அம்மா அப்பாகூட வெளியிலதான். பயப்படாதே, சீக்கிரம் முடிஞ்சிடும்."

"எவ்ளோ சீக்கிரம் மேடம்?"

"நாளைக்கே முடிஞ்சாலும் முடிஞ்சிடும்டா" என்று சிரித்தார். நல்ல செய்தி சொல்கிறவர்களின் சிரிப்பு. அந்தக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தபோது முட்டி இரண்டும் தாடைவரை வந்தது. நீ பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

பழைய கோர்ட்டில் நாம் உட்கார்ந்த இடத்தை நினைத்தேன். ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில், மாடிப்படிக்கு அடியில் கிடந்த அந்த மரப் பெஞ்சு. சனிக்கிழமைதோறும் அப்பா எங்களை அங்கேதான் வந்து பார்க்க வேண்டும் என்பது உத்தரவு. உன் அப்பாவுக்கும் அதே உத்தரவு. முதல் நாள் விலங்கு மாட்டிய ஒருவரைப் போலீஸ்காரர்கள் நம்மைத் தாண்டி அழைத்துப் போனார்கள். நான் தாரணியின் முகத்தை என் மடியில் புதைத்துக்கொண்டேன். நீ எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினாய்.

"புதுசா? பயப்படாத, அவரு நமக்கு முன்னாடியே வந்துகினு இருக்காரு. உங்கப்பா என்ன வாங்கினு வந்தாரு?"

"முறுக்கு."

"எங்கப்பா வாரா வாரம் அதே பிளம் கேக்குதான். அலுத்துப்போச்சு. மாத்திக்கலாமா?"

உன் வீட்டில் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. உன் அம்மா பள்ளி ஆசிரியை. 'வந்துகினு' என்று சொன்னால் திட்டுவார். அதனாலேயே கோர்ட்டுக்கு வந்தால் நீ அப்படிப் பேசினாய். என்னைவிட ஒரு வகுப்பு மேலே படித்தாலும் அக்கா என்று கூப்பிட விடமாட்டாய். "இங்க வந்து அக்கா தங்கச்சி எல்லாம் வேணாம்டி. 'மைனர்'னு கூப்பிடு. எல்லாரும் அப்படித்தானே கூப்பிடுறாங்க. எனக்கே எம்பேரு மறந்துடும் போல."

கோர்ட்டுக்கு வெளியே நாம் சந்தித்ததே இல்லை. நீ பீர்க்கன்கரணையில் இருந்தாய், நான் இரும்புலியூரில். சைக்கிளில் வந்துவிடும் தூரம்தான். ஆனால் அந்தப் பெஞ்சில் மட்டும்தான் நாம் சிநேகிதிகள். மற்ற இடத்தில் யாருக்கும் நம் வீட்டுக் கதை தெரியக் கூடாது.

வாய்தா என்ற சொல்லை எனக்குச் சொல்லித் தந்ததும் நீதான். உன் வக்கீல் கதவைத் திறந்துகொண்டு வெளியே வருவார். அவர் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாய். "வாய்தாடி! ஜாலி. அடுத்த மாசமும் கேக்கு கன்ஃபார்ம்!" பெரியவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். எத்தனை வருஷம்தான் அலைய விடுவார்கள் என்று என் அம்மா அழுவாள். ஒரே ஜட்ஜ் நில வழக்கையும் பார்த்து, கடன் வழக்கையும் பார்த்து, மிச்சம் இருக்கிற நேரத்தில் நம்மைப் பார்த்தால் இப்படித்தான் இழுக்கும் என்று அப்பாவின் வக்கீல் சொல்வார். குடும்பத்துக்கென்று தனிக் கோர்ட் வந்தால்தான் விடிவு என்று எல்லாருமே சொன்னார்கள். நாம் இரண்டு பேர் மட்டும்தான் அதைக் கேட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

உன்னை உள்ளே கூப்பிட்டார்களே, அந்த நாள். நீ வெகுநேரம் கழித்து வந்தாய். உதடு வெள்ளையாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கை எடுத்தாய், ஆனால் கடிக்கவில்லை.

"என்ன கேட்டாங்க?"

"யார்கூட இருக்க இஷ்டம்னு."

"நீ என்ன சொன்ன?"

"தெரியலன்னேன். யோசிச்சு சொல்லும்மான்னாங்க. யோசிச்சேன். தெரியலன்னேன். வாய்தா." கொஞ்சம் சிரித்தாய். "கேஸ் நடக்கிற வரைக்கும்தான்டி ரெண்டு பேரும் இந்தப் பெஞ்சுக்கு வருவாங்க. தீர்ப்பு வந்துட்டா ஒருத்தர்தான் மிச்சம். அதனால, யார் கேட்டாலும் தெரியல. புரியுதா?"

புரிந்தது. என்னை யாரும் கேட்கவில்லை, ஆனால் அன்றே மனப்பாடம் செய்துகொண்டேன். பிறகு நீ தரையைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னாய். "அவ்ளோ பேரு முன்னாடி நிக்கவெச்சு கேக்கக் கூடாதுடி. எங்கம்மா இந்தப் பக்கம், எங்கப்பா அந்தப் பக்கம். நான் எங்க பாத்தாலும் யாருக்காவது வலிக்கும். தனியா ஒரு ரூம்ல கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

என்ன சொல்லியிருப்பாய் என்று நான் கேட்கவில்லை. தாரணி சிறுநீர் கழிக்க வேண்டும் என்று இழுத்தாள். நான் எழுந்து போய்விட்டேன்.

அதற்குப் பிறகு மழை. ஆற்றில் தண்ணீர் ஏறி அனகாபுத்தூரில் அப்பாவின் தெருவுக்குள் வந்துவிட்டது. சில சனிக்கிழமைகள் அவரும் வரவில்லை, நாங்களும் போகவில்லை. மழை விட்டபின் எங்கள் வழக்குக்காகப் போனோம். உனக்குக் காட்ட ஒரு சினிமாப் பாட்டின் டான்ஸ் கற்றுக்கொண்டு வந்திருந்தேன். பெஞ்சில் நீ இல்லை. டவாலி உன் அப்பா பெயரையும் அம்மா பெயரையும் சத்தமாகக் கூப்பிட்டார். வந்துவிட்டாய் என்று எழுந்து நின்று வாசல் வழியாக எட்டிப் பார்த்தேன். உன் அப்பாவும் அம்மாவும் மட்டும் நின்றிருந்தார்கள். வக்கீல் ஏதோ ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு அவர் எழுதினார்.

ஜெராக்ஸ் கடை வாசலில் இரண்டு குமாஸ்தாக்கள் பேசிக்கொண்டார்கள்.

"என்னய்யா, அந்தக் கேஸ் அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?"

"பொண்ணு காய்ச்சல்ல தவறிடுச்சாம். யாருக்காக கேஸோ, அந்தப் புள்ளையே இல்ல. அப்புறம் எதுக்கு மனு? க்ளோஸ்."

"ஐயோ பாவமே."

அப்படித்தான் நீ போனது எனக்குத் தெரிந்தது. அத்தனை வருஷம் முடியாத வழக்கு, ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. உன் அப்பாவும் அம்மாவும் படியிறங்கி வந்தார்கள். உன் அம்மாவுக்குக் கால் தடுமாறியது. உன் அப்பா பிடித்துக்கொண்டார். ஒரே ஆட்டோவில் ஏறிப் போனார்கள். எந்தத் தீர்ப்பும் இல்லாமல் சேர்ந்து போன அந்த இருவரையும் நான் மட்டும்தான் உன் சார்பில் பார்த்தேன். என்ன காய்ச்சல், எந்த ஆஸ்பத்திரி என்று யாரிடம் கேட்பது? நாம் சிநேகிதிகள் என்பதே யாருக்கும் தெரியாதே. வீட்டுக்கு வந்து காய்ச்சல் என்று படுத்துக்கொண்டேன். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "சூடே இல்லையே" என்றாள்.

இப்போது என் முறை வந்துவிட்டது. நாளைக்கு என்ன நடக்கப்போகிறது என்று சொல்கிறேன், கேள். இரண்டு வக்கீல்களும் பேசி ஒரு சமாதானத்துக்கு வந்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு பெண். நான் அப்பாவுடன் அனகாபுத்தூருக்கு. தாரணி அம்மாவுடன் இங்கே. "ரெண்டு பேருக்கும் ஒண்ணு ஒண்ணு. இதுல சண்டைக்கே இடமில்ல" என்று அப்பாவின் வக்கீல் சொன்னார், கடையில் பொருள் பிரித்துக் கொடுப்பவர் மாதிரி. நான் பெரியவள் என்பதால் ஜட்ஜம்மா என்னைக் கேட்பார். எனக்குச் சம்மதம் என்றால் முடிந்தது.

அம்மா நேற்று என் தலையைப் பின்னிக்கொண்டே, "நான் ஒண்ணும் சொல்லித் தர மாட்டேம்மா. உனக்கே எல்லாம் தெரியும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "மறுபடி முதல்லேருந்து அலையறதுன்னா என்னால முடியாது கண்ணு" என்றாள். அப்பா போனில், "நான் இங்க தனியாத்தான் கீறேன். அதை மட்டும் நெனச்சுக்கோ. வேற ஒண்ணும் சொல்லல" என்றார். இருவருமே ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாத இவ்வளவு பாரத்தையும் நான்தான் அந்தக் குட்டி நாற்காலியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும்.

தாரணிக்கு இன்னும் தெரியாது. இன்று சாயங்காலம், "அக்கா, இனிமே கோர்ட் பக்கத்துலயே இருக்குல்ல, அப்ப அப்பாவை தினமும் பாக்கலாமா?" என்று கேட்டாள். இருட்டில் அவளுக்குத் தூக்கம் வராது. என் காதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். இதை எந்த வக்கீலும் கேட்கவில்லை, எந்த மனுவிலும் இல்லை.

தெரியல என்று சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் இது பழைய கோர்ட் இல்லையடி. இங்கே ஜட்ஜம்மாவுக்கு நம்மைப் பார்ப்பதுதான் வேலை. நேரம் இருக்கிறது. தெரியல என்றால் வாய்தா வராது. "சரிம்மா, பெரியவங்க பேசி வெச்சபடியே இருக்கட்டும்" என்று எழுதிவிடுவார்கள். நீ சொல்லிக்கொடுத்த சொல் இந்தப் புதுக் கட்டடத்தில் செல்லாது.

ஆனால் நீ கேட்ட அறை இருக்கிறது. தனியான அறை. அம்மா இந்தப் பக்கமும் அப்பா அந்தப் பக்கமும் இல்லாத அறை. உனக்கு அது கிடைத்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்பதை எத்தனையோ விதமாக யோசித்துப் பார்த்துவிட்டேன். அம்மா என்றா, அப்பா என்றா? இரண்டுமே உன் குரலில் பொருந்தவில்லை. உன் பதிலை நான் கண்டுபிடிக்க முடியாது. என் பதிலைத்தான் சொல்ல முடியும்.

குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் சொல்லிப் பார்த்தேன். "தாரணியும் நானும் ஒரே வீட்ல இருக்கணும் மேடம். எங்களைப் பிரிக்கக் கூடாது. அது எந்த வீடுன்னு நான் சொல்ல மாட்டேன். தெரியாம இல்ல. சொல்ல மாட்டேன். அதை அவங்க ரெண்டு பேரும்தான் பேசணும்." முதல் முறை பாதியில் குரல் உடைந்தது. அடுத்த முறை 'பிரிக்கக் கூடாது' வரை வந்தேன். இப்போது முழுதாக வருகிறது.

ஜட்ஜம்மா ஒப்புக்கொள்வாரா தெரியாது. சமாதானம் உடைந்துவிடும். அம்மா மறுபடி அலைய வேண்டும். அப்பா தனியாகவே இருப்பார். அந்த அறைக்குள் அம்மா முகத்தைப் பார்க்காமல் பேசிவிடலாம். பேசி முடித்துவிட்டு வெளியே வந்துதானே ஆக வேண்டும்? அப்போது பார்க்க வேண்டிய முகங்களுக்கு எந்தக் கோர்ட்டிலும் தனி அறை கட்டவில்லையடி. அதுதான் எனக்குப் பயம்.

ஆனாலும் சொல்லத்தான் போகிறேன். நீ உள்ளேயிருந்து வெளுத்த உதட்டோடு வந்த அன்று, அம்மாவிடமும் போகாமல் அப்பாவிடமும் போகாமல் நேராக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். உன்னிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அதுதான். நாளைக்கு நான் வெளியே வந்ததும் யார் முகத்தையும் முதலில் பார்க்க மாட்டேன். தாரணி எந்தப் பெஞ்சில் இருக்கிறாள் என்று பார்த்து, அவள் பக்கத்தில் போய் உட்காருவேன்.