மாப்பிள்ளை வண்டி

பிப்ரவரி 9, திங்கள்

மின்சாரத்தைக் குறைத்துக் கொடுத்தால் மோட்டார் மெதுவாக ஓடாமல் ஏன் நின்றே போகிறது? தெரியவில்லை. இயற்பியலில் முதுகலைப் பட்டம், பதிப்பகத்தில் பாடநூல்களுக்குப் பிழை திருத்தும் வேலை. மின்னோட்டம் என்ற பாடத்தை எத்தனை பதிப்புக்குத் திருத்தியிருப்பேன்! ஆனாலும் தெரியவில்லை.

தம்பி கேட்டது சின்ன விஷயம். கட்டிலின் குறுக்கே ஒரு பலகை, அதன்மேல் குட்டி வண்டி, வண்டியில் ஸ்ட்ரா போட்ட தண்ணீர்க் குவளை. பொத்தானை அழுத்தினால் அது மெதுவாக, சிந்தாமல் அவன் வாயருகே வர வேண்டும். ஒரு காலத்தில் வீடு முழுக்க ரோபோக்களை ஓடவிட்டவன். நரம்பு நோய் கால்களையும் கைகளையும் எடுத்துக்கொண்டு வலது ஆட்காட்டி விரலை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. பேச்சும் மூச்சு வாங்கி வாங்கித்தான்.

"ஒவ்வொரு மடக்குக்கும் சிஸ்டரக் கூப்பிட வேண்டியிருக்குக்கா. அவங்க பாவம், சாப்பிட உக்காந்தா போதும், எனக்குத் தாகம் எடுத்துடும்."

இதெல்லாம் ஆகிற காரியமா என்று சொல்ல வாயெடுத்தேன். அவனுடைய பழைய ரோபோ பெட்டியை இழுத்துத் திறந்தேன்.

பிப்ரவரி 11

நான்கு பேட்டரியில் இரண்டைக் கழற்றினேன். வண்டி அசையவில்லை. மூன்று போட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரே பாய்ச்சல், குவளை அவன் கழுத்தில் கவிழ்ந்தது.

"குளிப்பாட்டியாச்சா? சிஸ்டருக்கு ஒரு வேலை மிச்சம்."

தலையணை உறையை மாற்றினேன். வண்டி பாய்ந்து வந்தபோது அவனால் முகத்தைத் திருப்பக்கூட முடியவில்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு

பாடநூல் வழி: மோட்டாருக்கு முன்னால் ஒரு மின்தடை. வண்டியைக் கையில் தூக்கிப் பிடித்துச் சோதித்தேன். சக்கரங்கள் மெதுவாக, அழகாகச் சுழன்றன. பெருமையோடு பலகையில் இறக்கிக் குவளையை ஏற்றினேன். முனகிக்கொண்டு அப்படியே நின்றது. மின்தடை விரலைச் சுட்டது.

தம்பிக்குச் சிரிப்பு. சிரித்தால் இருமல் வருகிறது, ஆனாலும் சிரித்தான்.

"ஆகாயத்துலயா ஓட்டப் போற? கீழ வெச்சு, சுமை ஏத்திப் பாக்கணும்க்கா. இவனப் பாரு, உர்ருன்னு உக்காந்திருக்கான். நகர மாட்டானாம். மாப்பிள்ளை முறுக்கு!"

வண்டிக்கு மாப்பிள்ளை என்று பெயர் விழுந்துவிட்டது.

பிப்ரவரி 16

இப்போது புரிகிறது. சுமை ஏறியதும் மோட்டார் கூடுதல் மின்சாரம் கேட்கிறது. கேட்கக் கேட்க, நடுவில் இருக்கும் மின்தடை பெரும்பங்கைத் தின்றுவிடுகிறது. வேகம் மட்டுமல்ல, இழுக்கிற வலுவும் போய்விடுகிறது.

"முழுசாக் குடு," என்றான். "ஆனா விட்டு விட்டுக் குடு."

நொடிக்குப் பல நூறு தடவை போட்டுப் போட்டு அணைக்க வேண்டுமாம். போட்டிருக்கும் நேரம் குறைந்தால் வேகம் குறையும். கிடைக்கும் ஒவ்வொரு உதையும் முழு உதையாக இருப்பதால் நின்றுவிடாது. போட்டு அணைக்க எட்டுக் கால் சிப் ஒன்று, ஒரு டிரான்சிஸ்டர், பழைய ரேடியோவின் வால்யூம் திருகு. எல்லாம் அவனுடைய பழைய பெட்டியிலேயே கிடக்கின்றன.

இதையே செய்து விற்கிறார்களே, வாங்கிவரட்டுமா என்றேன்.

"வாங்கினா ஒரே நாள்ல முடிஞ்சிடும். அப்புறம் நாம என்ன பேசறது?"

பிப்ரவரி 20

டிரான்சிஸ்டர் புகைந்தது. அணைக்கும்போதெல்லாம் மோட்டார் மின்சாரத்தைத் திருப்பி அடிக்குமாம். அதைத் தாங்க ஒரு டயோடு வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தான். நான்தான் விட்டுவிட்டேன். அவன் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

தண்ணீர் கொடுத்தபோது இரண்டு முறை புரையேறியது.

பிப்ரவரி 22

இன்றும் புரை. "ஒண்ணுமில்ல" என்கிறான். எதையும் லேசில் நம்பாதவள் என்று ஆபீசில் எனக்குப் பெயர். இதை மட்டும் நம்பிவிடப் பார்க்கிறேன்.

பிப்ரவரி 24

ஆஸ்பத்திரியில், அவன் விழுங்குவதைச் சோதிக்க எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். முடிவு பிறகு.

பிப்ரவரி 26, வியாழன்

ஓடியது. சமையலறை மேசைமேல், குவளை தளும்பத் தளும்ப, லேசான ரீங்காரத்தோடு, எறும்பு ஊர்கிற மாதிரி. பொத்தானை விட்டதும் நின்றது. ஒரு சொட்டு சிந்தவில்லை. தூக்கிக்கொண்டு அவன் அறைக்குப் போகும்போது போன் அடித்தது.

டாக்டர். "தண்ணி நுரையீரலுக்குப் போயிட்டிருக்கும்மா. இனிமே வாய் வழியா எதுவும் குடுக்காதீங்க, ஒரு வாய் தண்ணிகூட. நாளைக்கு மத்தியானம் கூட்டிட்டு வந்தா வயித்துல குழாய் வெச்சிடலாம்."

வண்டியைத் திரும்ப மேசையில் வைத்தேன். அவன் தூங்கிவிட்டிருந்தான்.

அந்தப் பாழாப்போன டயோட அன்னிக்கே போட்டிருந்தா... ஆனா ஓடியிருந்தா அந்தத் தண்ணியும் நுரையீரலுக்குத்தானே போயிருக்கும்? தெரியும். எல்லாம் தெரியுது. இருந்தாலும் ஒரு வாரம். ஒரே ஒரு வாரம் தானா குடிச்சிருப்பானே. இத எந்த வாயால நான் போய்ச் சொல்றது?

பிப்ரவரி 27, வெள்ளி

நடந்ததை எழுதிவைக்கிறேன்.

காலையில் சொன்னேன். டாக்டர் சொன்னதை அப்படியே, கூட்டாமல் குறைக்காமல். விட்டத்தைப் பார்த்தபடியே கேட்டான்:

"மாப்பிள்ளை ஓடறானா?"

"ஓடறான்."

"வரச் சொல்லு."

பலகையைப் பொருத்தி வண்டியை வைத்தேன்.

"தண்ணி ஊத்து."

"டேய், வேணாம்டா."

"குடிக்க மாட்டேன். ஊத்துக்கா."

ஊற்றினேன். விரலை அழுத்தினான். வண்டி வந்தது. அவன் கண்கள் அதோடு கூடவே வந்தன. ஸ்ட்ராவின் நுனி உதட்டுக்கு ஒரு விரற்கடை இருக்கும்போது விரலைத் தளர்த்தினான். நின்றது. அவன் உதடுகள் காய்ந்து வெடித்திருந்தன. சிஸ்டர் ஜன்னல் திரையைச் சரிசெய்யப் போய்விட்டார்.

"நல்லா செஞ்சிருக்க," என்றான். பிறகு, "நீ குடி."

"எனக்கெதுக்குடா?"

"காலைலேருந்து நீ... ஒண்ணும் குடிக்கல. பாத்துட்டுதான் இருக்கேன்." மூச்சு வாங்கினான். "குடி. நான் கொண்டுவந்த தண்ணி."

அவன் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்து ஸ்ட்ராவில் வாய் வைத்தேன். குவளை காலியாகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தான்.

பிறகு சிஸ்டரும் நானும் அவனுக்குச் சட்டை மாற்றினோம். மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.