அப்பா சேர்த்த மைல்கள்

என் வாயாடி மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், அவளுடைய முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீயும் சுகமாக இருக்க வேண்டும், போனில் நீ எப்போதும் நல்லாயிருக்கேன் என்றுதான் சொல்கிறாய், நம்புவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. கடிதமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு, நான் போனை எடுத்தாலே உன் அம்மா காதைக் கொண்டுவந்து என் தோளில் வைத்துவிடுகிறாள்.

டிக்கெட் சங்கதி கேள். கம்பெனிக்காக ஊர் ஊராகப் பறந்து அச்சு இயந்திரம் பூட்டிக் கொடுத்த காலத்தில் சேர்ந்த மைல்கள், அதுதான் பறந்த தூரத்துக்குப் பரிசாகக் கணக்கில் ஏறி, காசுக்குப் பதில் கொடுத்து டிக்கெட் எடுக்கிற மைல்கள், இந்த வருடத்தோடு காலாவதி என்று விமானக் கம்பெனி எழுதியிருந்தது. சரி, இருவரும் உன்னிடம் வந்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். உன் ஊருக்கு நேர் விமானம் கிடையாது, அங்கேயுள்ள பெரிய ஊரில் இறங்கி உள்நாட்டு விமானம் மாற வேண்டும். அந்த உள்நாட்டு டிக்கெட் மலிவாகக் கிடந்தது, உன் அப்பன் கெட்டிக்காரன் அல்லவா, முதலில் அதை இருவருக்கும் வாங்கிப் போட்டேன். பிறகு பார்த்தால் கடல் தாண்டும் விமானத்தில் அந்தத் தேதிக்கு மைலுக்கு ஒரு சீட்கூட இல்லை. கடைசித் துண்டுப் பயணத்துக்கு இடம் உறுதி, அங்கே வந்து சேரத்தான் வழியில்லை. உன் அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுத் தையல்காரர் எட்டிப் பார்த்தார். பொண்ணு பார்க்கறதுக்கு முன்னாடியே பேரனுக்குப் பேர் வச்ச ஆளுங்க இவரு என்று அவரிடமும் சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து பல் துலக்கும் முன் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பதே என் வேலை. ஒரு நாள் அதே தேதிக்கு ஒரே ஒரு சீட் திறந்தது. நீ போ என்றேன். எனக்கு ஏர்போர்ட்டும் தெரியாது அவங்க பேசற பேச்சும் புரியாது நீங்களே போங்க என்றாள். பூனைகள் இரண்டும் அப்பத்துக்கு அடித்துக்கொண்ட கதையாக, நாங்கள் வாதாடி முடிப்பதற்குள் எந்தக் குரங்கோ சீட்டைத் தட்டிக்கொண்டு போய்விட்டது. போன வாரம் மறுபடி ஒன்று திறந்தபோது நான் யாரையும் கேட்கவில்லை, அவள் பேரில் போட்டுவிட்டேன். பின்னே என்ன, உன் ஊரில் மழை என்று போனில் பார்த்துவிட்டு இங்கே வெயிலில் காயும் துணியை எடுக்க ஓடுகிறவளை நான் இன்னும் எத்தனை நாள் வைத்துக்கொண்டு சமாளிப்பது.

நீ செய்ய வேண்டியது, பெரிய ஊருக்கே வந்து விமான நிலைய வாசலில் நின்று அவளைக் கூட்டிக்கொண்டு போ. இரண்டும் தனித்தனி டிக்கெட், பெட்டி நேரே உன் ஊருக்கு வராது, அவளே அதை எடுத்து வேறு கட்டடத்துக்குக் கொண்டுபோய் மறுபடி ஒப்படைக்க வேண்டும், முதல் விமானம் தாமதமானால் அடுத்தது காத்திருக்காது. சக்கர நாற்காலிக்குச் சொன்னால் எனக்கென்ன நோயா என்று மல்லுக்கு நிற்கிறாள். பெட்டியில் என் சட்டைகளும் இருக்கும். அடுத்த வாரம் எனக்கும் சீட் கிடைத்துவிடும் என்று சொல்லி வைத்திருக்கிறேன், நம்பி மடித்து வைத்தாள். சீட் கிடைத்தாலும் எடுக்க என்னிடம் மைல் இல்லை. தெரிந்தால் அவள் விமானம் ஏற மாட்டாள், வந்து ஒரு வாய் சாப்பிட்ட பிறகு மெதுவாகச் சொல்.

மைல் எங்கே போயிற்று என்று கேட்பாய். அவள் திரும்பி வரும் விமானத்தில் இரண்டு சீட் திறந்திருந்தது. ஒன்று அவளுக்கு, இன்னொன்றை உன் பேரில் போட்டுவிட்டேன். கேட்டிருந்தால் அடுத்த வருஷம் பார்க்கலாம்ப்பா என்பாய், அந்த அடுத்த வருஷத்தை நானும் நாலு வருடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நானும் அங்கே வந்தால் இருவருமாக உன்னைப் பார்த்துவிட்டு, உன்னை அங்கேயே விட்டுவிட்டுத்தான் திரும்புவோம். எனக்கு நீ இந்த வீட்டில் நடமாட வேண்டும், குளியலறைக் கதவை அடித்துச் சாத்த வேண்டும், என்னோடு சண்டை போட வேண்டும். உன் ஊரிலிருந்து பெரிய ஊர் வரைக்குமான உள்நாட்டு டிக்கெட்டை நீயே எடு, அதில் என் கெட்டிக்காரத்தனம் வேண்டாம். நீ திரும்பிப் போகும் டிக்கெட்டையும் நீதான் எடுக்க வேண்டும், அதற்கு அவசரமில்லை.

நோய்நொடி அண்டாமல், நினைத்தது கைகூடி, நீ நன்றாக இருக்க வேண்டும் அம்மா. வேளைக்குச் சாப்பிடு. இதை மறக்காதே, லீவு கிடைக்காவிட்டால் உன் டிக்கெட்டை ரத்து செய்யலாமாம், மைல் முழுவதும் என் கணக்குக்குத் திரும்பி வந்துவிடுமாம். எனக்கு மைல் வர வேண்டாம், நீ வா.

இப்படிக்கு,
உன் அப்பா