சங்கத்துச் செவுத்துப் படம்

தங்கச்சிமடம்,
சனிக்கிழமை மத்தியானம்.

அன்பு மகள் ஆஸ்லினுக்கு அம்மா எழுதுறது. மாதா புண்ணியத்துல நானும் ஒங்கய்யாவும் ஒடம்புக்கு ஒண்ணுமில்லாம இருக்கோம், நீயும் துபாயில அந்தக் குளுகுளு ஆபீசுல உக்காந்து கட்டிடத்துக்குப் பிளான் போட்டுப் போட்டு கழுத்து வலி வாங்காம நல்லா இருக்கணும்னு தெனமும் செபமாலையில ஒனக்கு ஒரு பத்து மணி தனியாச் சொல்றேன். ஒடம்புக்கு ஒண்ணுமில்லன்னுதான் சொன்னேன், மனசு நல்லாருக்குன்னு சொல்லல. ஒரு வாரமா சோறு எறங்கல, இந்த ஊரப் பாத்தாலே குமட்டிக்கிட்டு வருது. போன்ல சொன்னா நீ பாதியில சிரிச்சிருவ, நான் ஒன்ன வஞ்சிருவேன், அதுக்குத்தான் காயிதம் எழுதுறேன், முழுசாப் படி.

திருவிழாவுக்கு மீனவர் சங்கக் கட்டிடத்துச் செவுத்துல நான் படம் எழுதப் போறேன்னு சொன்னேன்ல. வருசா வருசம் ராமநாதபுரத்துலருந்து ஒரு ஆளு வந்து, ஊருல உள்ள விசைப்படகு, வள்ளம் எல்லாத்தையும் தட்டுல அதிரசம் அடுக்குன மாதிரி ஒரே அளவுல வரிசையா எழுதி நம்பரப் போட்டுட்டுப் போவாரு. கோயில் பங்குச் சாமியார் படத்த மந்திரிச்சு முடிச்சதும் அவுகவுக வீட்டுக்காரக அவுகவுக படகு மேல மாலைய ஒட்டுவாக. இந்த வருசம் அவருக்குக் கண்ணு ஆபரேசன், வரல. படகுகளுக்கு நம்பர் எழுதுற ஜோதிமேரியே எழுதட்டும்னு சங்கத் தலைவர் கிளாட்சன்தான் சொன்னான். எனக்குத் தலகால் புரியல. எட்டு மாசமா நீ ஞாயித்துக்கிழமை தவறாம போன்ல சொல்லிக் குடுத்தியே, கண்மட்டக் கோடு, எல்லாக் கோடும் போயி மறையுற புள்ளி, கிட்ட உள்ளது பெருசு எட்ட உள்ளது சிறுசுன்னு, அத்தனையும் அந்தச் செவுத்துல எறக்கிட்டேன். புள்ளியில ஒரு ஆணிய அடிச்சு அதுல தூண்டில் தங்கூசி நரம்பக் கட்டி, இழுத்து இழுத்து வச்சுத்தான் படகு கட்டுற ஜெட்டிப் பாலத்தோட ரெண்டு ஓரத்தையும் எழுதுனேன். முன்னால நம்ம வள்ளம், அதுக்கு அங்கிட்டு ஒண்ணொண்ணாக் குறைஞ்சு குறைஞ்சு போயி, கடைசியில கிளாட்சனோட பெரிய விசைப்படகு உள்ளங்கை அளவுக்கு. ஏணிய விட்டு எறங்கிப் பாத்தா, ஆத்தா, அது செவுராவே தெரியல, அப்புடியே ஜெட்டி மேல நடந்து போயிரலாம் போல இருந்துச்சு. அம்பத்தோரு வயசுல நடுத்தெருவுல நின்னு அழுதேன்.

மறுநாள் வந்தானுக பாரு. கிளாட்சன், அவன் தம்பி, இன்னும் நாலு படகுக்காரனுக. கையில என்ன தெரியுமா, இஞ்சி டேப்பு. செவுத்துல டேப்ப வச்சு அளக்குறானுக. நம்ம வள்ளம் நாலரை அடி இருக்காம், கிளாட்சன் படகு அஞ்சு இஞ்சியாம். கடல்ல அவன் படகு நம்ம வள்ளத்துக்கு ரெண்டு பங்கு நீளமாச்சே, இங்கன எப்புடிச் சிறுத்துச்சுன்னு கேக்குறான். மாலையப் போட்டா படகே தெரியாது, சாமியார் தீர்த்தம் தெளிச்சா மாலைக்குத்தான் விழும்னு அவன் தம்பி பெருசா நியாயம் பேசுறான். எட்ட நிக்குறது அப்புடித்தாண்டா தெரியும், போயி ஜெட்டியில நின்னு பாருங்கடான்னு தொண்டை கிழியச் சொன்னேன். இதுகளோட கண்ணு மூஞ்சிக்கு அலங்காரம். மறுநாள் காலையில போயிப் பாத்தா, எவனோ ஒரு எடுபட்ட பய நம்ம வள்ளத்து மேல புகையிலைய மென்னு துப்பி வச்சிருக்கான், செவுத்துல வழிஞ்சு காஞ்சு கெடக்கு. அத என் கையாலதான் கழுவுனேன், கழுவிட்டு வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தேன். அன்னைக்கே இன்னொருத்தன் கரிக்கட்டைய எடுத்து, நான் எழுதுன வானத்து மேலயே கிளாட்சன் படக இம்மாம் பெருசாக் கோடு போட்டு வச்சிருக்கான், அது கடல்ல நிக்கல, ஆகாசத்துல தொங்குது.

இதுல ஒங்கய்யா பண்ணுனதுதான் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. சங்கத்துல கூட்டம் போட்டிருக்கானுக, எம் பொண்டாட்டிகிட்டச் சொல்லி எல்லாத்தையும் சமமா எழுத வைக்கிறேன்னு அவுக வாக்குக் குடுத்துட்டு வந்துட்டாக. வந்து தயிர்சோறத் தின்னுக்கிட்டே எங்கிட்டச் சொல்றாக. நான் ரெண்டு நாளா அவுக மூஞ்சியில முழிக்கல. என் உசுரு போனாலும் அந்தப் படத்துல ஒரு கோட்ட மாத்த மாட்டேன், கண்ணு பாத்ததத்தான் எழுதியிருக்கேன், கண்ணு பொய் சொல்லாதுன்னு கத்திட்டேன்.

அப்புடிக் கத்துன அன்னைக்குச் சாயந்தரம் பிரெசில்லா வந்தா, கிளாட்சன் பொண்டாட்டி, என்கூட அஞ்சாப்பு வரைக்கும் படிச்சவதான். சண்டைக்கு வந்திருக்கான்னு நெனச்சு நான் கூட்டிக்கிட்டு இருந்த வாரியலக் கூடக் கீழ வைக்கல. அவ சத்தமே போடல. வாசப்படியில உக்காந்து தண்ணி வாங்கிக் குடிச்சுட்டுக் கேட்டா: "நிக்கிற எடத்தப் பொறுத்துப் பெருசு சிறுசுன்னு சொல்றியே ஜோதி, நிக்கிற எடத்தப் பாத்து எடுத்தது நீதான?" ஒன்கிட்ட மறைக்க என்ன இருக்கு. போன வருசம் நம்ம வள்ளத்த ஜெட்டியில கட்டவிடாம மணல்ல இழுத்துப் போடச் சொன்னான்ல கிளாட்சன், அது எனக்கு நெஞ்சுல முள்ளாக் கெடந்துச்சு. இந்தப் படத்துக்காக நான் மூணு நாளு ஜெட்டியில அங்கிட்டும் இங்கிட்டும் நடந்து, எங்கன நின்னா நம்மது மலையாட்டம் தெரியும், அவனது கொசுவாட்டம் தெரியும்னு தேடித்தான் அந்த எடத்துல நின்னேன். மணல்ல கெடக்குற வள்ளத்தப் படத்துல மட்டும் நானாத்தான் ஜெட்டியில கொண்டாந்து கட்டி எழுதுனேன். நீ சொல்லிக் குடுத்த வித்தைய வச்சு நான் பழி வாங்கியிருக்கேன், வாங்கிப்புட்டுக் கண்ணு பொய் சொல்லாதுன்னு ஊரு பூராம் கத்தியிருக்கேன். துப்புனவன் எச்சியவிட எனக்கு என்னைய நெனச்சாத்தான் அருவருப்பா இருந்துச்சு.

விடிஞ்சதும் போயி ரெண்டு வாளி வெள்ளைய அடிச்சு எல்லாத்தையும் அழிச்சுட்டேன். ஒங்கய்யா தலையில கைய வச்சு உக்காந்துட்டாக. சமமா எழுதப் போறியான்னு கேட்டாக, இல்லன்னேன். எங்கன நின்னு எழுதப் போறன்னு கேட்டாக. நான் எங்கன நிக்கிறேன், நான் உக்காந்துல்ல இருக்கேன். பதினாலு வருசமா காலையில மீன் தரம் பிரிக்கிற எடத்துல, தரையில, சங்காயக் கழிவு மீனுக்கு நடுவுல. கோழித் தீவனத்துக்குப் போற அந்த அழுகக் குவியல் நாத்தம் ஒனக்குத் தெரியும், ஸ்கூலுக்குப் போற வழியில மூக்கப் பொத்திக்கிட்டு நிப்ப. நேத்து அங்கனயே உக்காந்து நோட்டுல கோடு போட்டுப் பாத்தேன். கண்மட்டம் முழங்கால் உயரத்துக்கு எறங்கிப் போச்சு. படகெல்லாம் பின்னால கட்டைவிரல் அளவு, நம்மது கிளாட்சனது எல்லாம் ஒண்ணுபோல. முன்னால பெருசா இருக்கது கூடை, கொடலு, ஈ, அப்புறம் எனக்கு எதுக்க உக்காந்திருக்குற சோணையம்மாளோட கை. கடலு இல்லாத உள்நாட்டு ஊருலருந்து மொத பஸ்ஸுல வாரவ, பதினாலு வருசமா எனக்கு எதுக்கதான் உக்காருறா. அவ வலது கையில ஆள்காட்டி விரல்ல பாதி இல்லடி. நேத்துத்தான் பாக்குறேன். எப்ப போச்சுன்னு கேட்டேன், ஐசு ஒடைக்கிற மிசின்ல எட்டு வருசம் முன்னாலன்னா. யாரு கட்டுப் போட்டான்னு கேட்டேன். அவ என்னைய ஒரு மாதிரியாப் பாத்துட்டு, "நீதான் தாயி, ஒன் முந்தானையக் கிழிச்சுக் கட்டிவிட்ட"ன்னா. எனக்கு ஞாபகமே இல்ல ஆஸ்லின். அவ விரலு என் மடியில ரத்தமாக் கொட்டியிருக்கு, நான் மறந்துட்டு எதுக்கயே உக்காந்து மீன் பொறக்கிக்கிட்டு இருந்திருக்கேன். எவன் படகு எத்தன இஞ்சின்னு மட்டும் கணக்கா வச்சிருந்திருக்கேன். ச்சீ, என்ன பொழப்பு இது.

கொடியேத்தத்துக்கு இன்னும் ஒம்பது நாளு இருக்கு. தடுக்கிறவன் தடுக்கட்டும், திங்கக்கிழமை இந்தப் படத்த எழுத நான் ஏணியில ஏறிருவேன். ஒங்கய்யா வெள்ள வாளியக் கழுவி வச்சுட்டாக, பேசத்தான் மாட்டேங்குறாக, நீ போன் போட்டா அவுககிட்ட ரெண்டு வார்த்த நல்லதாப் பேசு. நேரத்துக்குச் சாப்புடு, ஆபீசுல மேனேசர் கத்துனா ஒடனே பதிலுக்குக் கத்தாத, அந்தக் கொணம் எங்கிட்ட இருந்து வந்ததுதான், எனக்கே அது நல்லது பண்ணல. காவல் தூதரா சம்மனசுக ஒன் கூடவே இருந்து காக்கட்டும், மாதா ஒனக்கு ஒரு கொறையும் வைக்காம இருக்கட்டும்.

நாளைக்கு மறக்காமப் போன் பண்ணு. நம்மள நோக்கி நேரா நீளுற கைய எப்புடி எழுதுறதுன்னு நீ இன்னும் சொல்லித் தரல. நேரா நீட்டுனா நல்ல விரலும் குட்டையாத்தான் தெரியும்னு நீயே சொல்லியிருக்க. சோணையம்மாளுக்கு விரலு இல்லாமத்தான் குட்டையா இருக்குன்னு பாக்குறவகளுக்குத் தெரியணும், அதுக்கு ஒரு வழி சொல்லு.

ஒன் அம்மா,
ஜோதிமேரி சந்தியாகு