பாப்பாவின் எண்ணெய்க் குப்பி

அன்புள்ள பாப்பாவின் அப்பாவுக்கு,

நானும் பாப்பாவும் நலம். அவளுக்குக் கீழே ஒரு பல் எட்டிப் பார்க்கிறது. கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கிறாள். இதைப் போனில் சொல்லியிருப்பேன். ஆனால் நீங்கள் அறையில் இருக்கிற அத்தனை பேரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிற மனுஷர். தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

நீங்கள் வேலைக்குக் கிளம்பிய அன்று விடியற்காலையில் ஆணுறை கிழிந்ததே, நினைவிருக்கிறதா? "ஒண்ணும் ஆகாது, சும்மா பயப்படாதே" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டீர்கள். எனக்கோ ஒரே கேள்வி மண்டையைக் குடைந்தது. புதுப் பெட்டி, தேதியும் தாண்டவில்லை. பிறகு ஏன் கிழிந்தது? தொழிற்சாலையில் நாள் முழுக்க ரப்பர் கையுறையில் தண்ணீர் நிரப்பி, ஒழுகுகிறதா என்று பார்க்கிறவள் நான். என் வீட்டிலேயே இப்படியா!

அன்று காலையிலேயே மருந்துக்கடைக்குப் போனேன். ஒரே ஆண்கள் கூட்டம். இருமல் மருந்து வாங்க வந்தவள் போல நின்றேன். கடைக்காரப் பெண் கெட்டிக்காரி, ஓரமாக அழைத்துப் போனாள். பாப்பாவை ஆபரேஷன் செய்து எடுத்ததையும், தையல் நன்றாக ஆறும்வரை அடுத்தது கூடாது என்று டாக்டரம்மா கண்டித்துச் சொன்னதையும் அவளிடம் சொன்னேன். உடனே கரு தங்காமலிருக்க ஒரு மாத்திரை கொடுத்தாள். மூன்று நாளுக்குள் போடலாமாம், ஆனால் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லதாம். போட்ட கொஞ்ச நேரத்தில் வாந்தி வந்தால் திரும்ப வரச் சொன்னாள். தாய்ப்பால் கொடுக்கலாமாம். கட்டாயம் பலிக்குமா என்றேன். அப்படி யாரும் சொல்ல முடியாதாம். மூன்று வாரம் கழித்துப் பரிசோதித்துப் பார்க்கச் சொன்னாள்.

அங்கிருந்து வேலைக்குப் போனால், வாசலில் அந்தப் பலகை. எண்ணெய் பட்டால் ரப்பர் இற்றுவிடும், எண்ணெய்க் கையோடு உள்ளே வராதீர்கள் என்று எழுதியிருக்கும். தினமும் தாண்டிப் போகிறேன், அன்றுதான் நின்று படித்தேன். அடப்பாவமே, ஆணுறையும் ரப்பர்தானே! பிரசவத்துக்குப் பிறகு சேரும்போது எனக்கு வலிக்கிறதென்று பாப்பாவின் எண்ணெய்க் குப்பியை எடுத்துக் கொடுத்தது நீங்கள். சரியென்று தலையாட்டியது நான்.

மனசு கேட்கவில்லை. மறுநாள் குப்பியைக் கைப்பையில் ஒளித்துக் கொண்டுபோய், சாப்பாட்டு வேளையில் கொல்லைப்புறம் போய் நல்ல கையுறைகளாக இரண்டு எடுத்தேன். ஒன்றில் எண்ணெய் தடவித் தேய்த்தேன், மற்றதை அப்படியே விட்டேன். இரண்டிலும் தண்ணீர் நிரப்பினேன். எண்ணெய் தடவியது புஸுபுஸுவென்று உப்பி, டமாரென்று வெடித்தது. அந்நேரம் பார்த்து வந்த மேற்பார்வையாளரின் காலணி முழுக்கத் தண்ணீர். என்னம்மா கூத்து இது என்றார். வீட்டுப்பாடம் சார் என்றேன். பிறகு மருந்துக்கடைப் பெண்ணிடம் கேட்டேன்; எண்ணெய்க்குப் பதிலாக இதற்கென்றே தண்ணீரில் செய்த ஜெல் விற்கிறதாம், வாங்கி வைத்துவிட்டேன்.

மூன்று வாரம் முடிந்துவிட்டது. கர்ப்பப் பரிசோதனை அட்டையும் வாங்கியாயிற்று. எதையும் பிரித்துப் பார்த்தால்தான் தூக்கம் வருகிற எனக்கு, இதை மட்டும் தனியாகப் பிரிக்கக் கை வரவில்லை. பயமாக இருக்கிறது. உங்கள் மேல் கோபமாகவும் இருக்கிறது.

இந்த ஞாயிற்றுக்கிழமை எப்படியாவது விடுப்பு வாங்கிக்கொண்டு வாருங்கள். வந்து, ஒண்ணும் ஆகாது என்று மட்டும் சொல்லாதீர்கள். நான் பார்க்கும்போது பக்கத்தில் நில்லுங்கள்.

வழியையே பார்த்திருக்கும்,
பாப்பாவின் அம்மா