நீ வீடு கட்டக் கேட்ட இடம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம் என்றுதான் முதல் வரி எழுத வேண்டும், எழுதிவிட்டேன், அதில் பாதி உண்மை. உன் அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது, என் முழங்கால் வழக்கம்போல என்னோடு சண்டை போட்டுக்கொண்டே கூட வருகிறது, மற்றபடி குறையில்லை. நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் நலம்தானே? அவளுக்கு முன்பல் விழுந்த படம் வந்தது. பேத்திக்கு அப்படியே என் பல்வரிசை என்று உன் அப்பா ஊரெல்லாம் பெருமை பேசிக்கொண்டு திரிகிறார். வாயைத் திறந்தால் கதவில்லாத வாசல், இதில் பெருமை வேறு.

உன் கடிதத்தில், அடுத்த வருடம் மூட்டை கட்டிக்கொண்டு அங்கேயே வந்துவிடப் போகிறோம், தோட்டத்தின் பின்பக்கம் அப்பா எனக்கென்று ஒதுக்கிய இடத்தை அளந்து சொல்லுங்கள், வீட்டுக்குப் படம் போட வேண்டும் என்று கேட்டிருந்தாய். அதைப் படித்ததும் உன் அப்பா எழுந்து நின்றுவிட்டார். இடம் தயார் என்று உடனே எழுது, வேறு எதையும் எழுதி அவளைக் குழப்பாதே என்றார். அதனால்தான் பதில் இவ்வளவு தாமதம். பேனாவை எடுப்பேன், வைப்பேன், அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன். இன்று அவர் எண்ணெய்ப்பனைக் குலை ஏற்றும் லாரிக்குக் காத்துக்கொண்டு ரோட்டில் நிற்கிறார், வர நேரமாகும், அதனால் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

நம் வாசல்படி உனக்கு நினைவிருக்கும். நீ போன பிறகு அதன் அடியில் வருடா வருடம் புதுப்படி கட்டிக்கொண்டிருக்கிறோம். வருகிறவர்கள் வீட்டை உயர்த்தினீர்களா என்று கேட்கிறார்கள். வீடு உயரவில்லை, தரை இறங்குகிறது. வீட்டுத் தூண் அடியிலிருக்கும் களிமண் வரை போகிறது, அதனால் வீடு நிற்கிறது. மேலே இருப்பதெல்லாம் காலங்காலமாகத் தண்ணீரில் ஊறி மக்கிய இலையும் வேரும்தான், பஞ்சு மாதிரி. எண்ணெய்ப்பனை வைப்பதற்காக நாம் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தோம், பஞ்சு காய்ந்து சுருங்குகிறது. அவ்வளவுதான் கதை. மரங்கள் வேர் வெளியே தெரிய, குடித்தவன் மாதிரி ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நிற்கின்றன. மழை பெய்தால் மரத்துக்குப் போட்ட உரமெல்லாம் வாய்க்காலில் இறங்கித் தண்ணீர் மேல் பச்சையாகப் படிகிறது. மீன் பார்த்து எத்தனை நாளாயிற்றோ. குடிக்கக் கூரைத் தண்ணீரைப் பிடித்து வைக்கிறேன், வாய்க்கால் தண்ணீரில் துணி அலசினால் வெள்ளைச் சட்டை காப்பி நிறமாகிவிடுகிறது.

விவசாய அதிகாரி ஒருவர் வந்து, வாய்க்கால் வாயில் பலகை போட்டுத் தண்ணீரைத் தேக்கி வையுங்கள், மண் ஈரமாக இருந்தால் இறங்குவதும் குறையும், தீயும் பிடிக்காது என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல யோசனைதான். ஆனால் வாய்க்கால் நமக்கும் உன் சித்தப்பாவுக்கும் பொது. அவர் நிலம் நம்முடையதைவிடத் தாழ்ந்துவிட்டது, இங்கே தேக்கினால் அங்கே மரங்கள் கழுத்தளவு தண்ணீரில் நிற்கும். உன் அப்பா காலையில் பலகையைச் செருகுவார், சாயங்காலம் உன் சித்தப்பா வந்து உருவிவிடுவார். ஒரு நாளாவது அதைப் பற்றி இரண்டு பேரும் பேசியிருப்பார்களா? கிடையாது. ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள், ஒரே லாரியில் குலை ஏற்றுவார்கள், பலகை பேச்சு மட்டும் வராது. நான் ஒருநாள் தாங்காமல் சித்தப்பாவிடமே கேட்டேன். அண்ணி, என் மரம் நின்னாத்தான் என் வீட்ல சோறு, நான் என்ன செய்யட்டும் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது.

போன வெயில் காலத்தில் உன் அப்பா வெட்டிய மட்டைகளைப் பின்பக்கம் குவித்துக் கொளுத்தினார். வேலை மும்முரத்தில் வாய்க்கால் பக்கம் போகாமல், முந்தின வாரம் போட்ட பலகை அப்படியே இருக்கிறது, மண் ஈரம் என்று நினைத்தார். அந்த வாரம் முழுவதும் உன் சித்தப்பா பலகையை எடுத்துத் தன் கொட்டகையிலேயே வைத்துவிட்டது அவருக்குத் தெரியாது, உன் சித்தப்பாவுக்குக் கொளுத்தப் போவது தெரியாது. மேலே தீ அணைந்துவிட்டது, சாம்பலில் தண்ணீரும் ஊற்றினார். தீ மண்ணுக்குள் இறங்கி, அந்தக் காய்ந்த பஞ்சைத் தின்ன ஆரம்பித்துவிட்டது கண்ணே. கொழுந்து விட்டு எரிந்தால் அணைக்கலாம், இது புகையாக இங்கே கசியும், ஊற்றினால் அங்கே கசியும். அண்ணனும் தம்பியும் தோளோடு தோள் நின்று பள்ளம் வெட்டினார்கள், அப்போதும் ஒருவரை ஒருவர் ஒரு சொல் குற்றம் சொல்லவில்லை. பச்சை மட்டையோடு மரங்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன, அடியில் வேர் வெந்து போயிருந்தது. மழை வந்துதான் அடங்கியது. அந்தப் பின்பக்கம்தான் உனக்கென்று வைத்திருந்த இடம். மேலே பார்த்தால் புல் முளைத்து அழகாக இருக்கிறது, கால் வைத்தால் இடுப்பு வரை உள்ளே போகும். அப்பாவின் இருமல் அந்தப் புகையில் வந்தது, சளி என்று உன்னிடம் சொன்னது சும்மா.

பனையைப் பிடுங்கிவிட்டு வேறு ஏதாவது வையுங்கள் என்று மாப்பிள்ளை சொல்வார், படித்தவர். இந்தப் புளித்த மண்ணில் வேறெதை வைத்தாலும் மஞ்சளாகிச் சாகிறது, வைத்துப் பார்த்தாயிற்று. விற்கலாம் என்றால் அமிழ்கிற நிலத்தை யார் வாங்குவார்? வாய்க்காலை மூடினால் உன் சித்தப்பா மூழ்குவார், திறந்து வைத்தால் நாம் எரிவோம். இருதலைக் கொள்ளி எறும்பு என்று சும்மா சொல்லி வைக்கவில்லை. ராத்திரி படுத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது, இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்.

இவ்வளவும் எழுதி முடிப்பதற்குள் அவர் வந்துவிட்டார். ஒளித்து வைக்கத் தோன்றவில்லை, கையில் கொடுத்துவிட்டேன். இன்று பூகம்பம்தான் என்று நினைத்தேன். நின்றபடியே கடைசி வரை படித்தார், மடித்துக் கொடுத்தார், முகம் கழுவப் போனார். திரும்பி வந்து, “வந்து பாத்துட்டுப் போகச் சொல்லு. தங்கச் சொல்லாதே” என்றார். உன் கல்யாணத்தில்கூட அழாத மனுஷன்.

ஆகவே நீங்கள் இருக்கிற ஊரிலேயே சின்னதாக ஒரு வீடு பார்த்துக்கொள்ளுங்கள் தங்கம், அம்மா சொல்லித்தான் செய்தாய் என்று இருக்கட்டும். மூன்று பேரும் நீண்ட ஆயுளோடு, கெட்டியான தரையில் நன்றாக வாழ வேண்டும், அது ஒன்றுதான் எங்கள் வேண்டுதல். ஒன்றை மட்டும் மறக்காதே, பார்க்க வரும்போது மழைக்காலமாகப் பார்த்து வா, அப்போது தீப் பயம் இருக்காது. சின்னவள் துறுதுறுப்பானவள், பின்பக்கத்துப் பச்சையைப் பார்த்தால் ஓடத்தான் செய்வாள். கையை விட்டுவிடாதே. தோட்டத்தில் நான் முன்னால் நடக்கிறேன், நான் கால் வைத்த இடத்தில் மட்டும் அவள் கால் வைக்கட்டும்.

ஆசிகளுடன்,
உன் அம்மா